பல குரோனோகிராஃப் கைமாறிய பிறகு: பழைய பாணியில் பொருந்தி வருவது எது?

நொடிமுள் (பிடோக்)

வணக்கம் நண்பர்களே. பழைய பாணி குரோனோகிராஃப் (நிறுத்துக் கடிகாரம் சேர்ந்த வாட்ச், சுருக்கமாகக் குரோனோ) பற்றிய பேச்சு எப்போதும் ‘எந்த பிராண்டு’ என்று ஆரம்பித்து விலைச் சண்டையில் போய் நிற்கிறது. நான் கேட்க வந்தது வேறு. சில வருடமாக ஒன்றை வாங்குவது, கட்டிப் பார்ப்பது, விற்பது, அடுத்ததைத் தேடுவது என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் நல்ல வாட்ச்தான். ஆனால் 1940, 50களின் விளம்பரப் படங்களில் தெரிகிற அந்த உடல்வாகு எதிலும் அமையவில்லை. ஏன் என்று ஒரு கணிப்பு வைத்திருக்கிறேன். அது சரியா என்று சொல்லுங்கள். சரி என்றால் அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

தேவை இதுதான்: இரண்டு சிறு டயல், தேதி வேண்டாம், சாவி கொடுக்கிற இயந்திரமாக இருந்தால் நல்லது. மணிக்கட்டுச் சுற்றளவு பதினாறரை செமீ. 3,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போக மாட்டேன். அதில் பாதியில் முடிந்தால் வீட்டில் நிம்மதி.

இதுவரை கட்டியவற்றில் முதலாவது சீக்கோ ஸ்பீட்டைமர் சோலார். 39 மிமீ, 100 மீட்டர் தண்ணீர் தாங்கும், வெளிச்சத்திலேயே ஓடும். வேலைக்குக் கட்டிப்போக இதைவிடத் தொல்லையில்லாத குரோனோ கிடையாது. ஆனால் அதன் முகம் 60களின் கார் பந்தய முகம். நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே தேதி வேறு எட்டிப் பார்க்கும். தம்பி ஆசைப்பட்டான், கொடுத்துவிட்டேன்.

அப்புறம் சீகல் 1963. அதன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீன விமானப்படைக்காக 1961இல் தியான்ஜின் தொழிற்சாலையில் தொடங்கிய வேலை. சுவிட்சர்லாந்திலிருந்து வீனஸ் 175 இயந்திரத்தைச் செய்கிற கருவிகளையே விலைக்கு வாங்கிவந்து அதன்மேல் கட்டினார்கள். இன்றைய எஸ்டி19 அதன் வாரிசு. நான் வைத்திருந்தது 42 மிமீ பதிப்பு.

மூன்றாவது, வால்ஜூ 7753 வழிவந்த இயந்திரம் உள்ள ஒரு சுவிஸ் வாட்ச். பெயர் வேண்டாம். முன்னால் பார்த்தால் அச்சு அசல் 1968. பக்கவாட்டில் பார்த்தால் முழுக்கைச் சட்டைக்குள் நுழையாது. நடுவில் மச்சானுடைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டரையும் சில நாள் கட்டினேன். அதைப் பற்றிச் சொன்னால் அடி விழும், பிறகு பேசலாம்.

என் கணிப்பு: இன்று ‘பழைய பாணி’ என்று விற்பவர்களில் பலர் டயலை மட்டும்தான் நகலெடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் இயந்திரம் கேஸை (வெளிக்கூட்டை) நிறைத்திருந்தது. சிறு டயலின் மையம் எங்கே வர வேண்டும் என்பது டிசைனர் கையில் இல்லை, உள்ளே இருக்கிற சக்கரத்தின் அச்சு எங்கே இருக்கிறதோ அங்கேதான் முள் வரும். எஸ்டி19இன் விட்டம் சுமார் 31 மிமீ. அதை 38 மிமீ கேஸில் போட்டால் சிறு டயல்கள் ஓரம்வரை போய் ஆசுவாசமாக உட்காரும். அதையே 42இல் போட்டால் இரண்டும் நடுவில் நெருங்கி, மூக்கோடு ஒட்டிய கண்கள் மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் வெறும் இடம். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அது மட்டும்தான் தெரியும்.

தடிமனும் அப்படித்தான். என் மூன்றாவது வாட்சில் இருந்த வால்ஜூ 7750 குடும்ப இயந்திரம் 7.9 மிமீ. எஸ்டி19 கிட்டத்தட்ட 6. இந்த 2 மிமீ வித்தியாசத்தைக் கேஸ் செய்பவர் எந்தப் பாலிஷாலும் மறைக்க முடியாது.

அதனால் இப்போது பிராண்டுப் பெயரை மறந்துவிட்டு, இயந்திரத்துக்குச் சரியான அளவில் கேஸ் செய்திருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கிறேன். பால்டிக், ஃபர்லான் மாரி, டிஸோ பிஆர்516 மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் கருத்து?

சாவிக்காரன் (தோ பாயோ)

தம்பி, ஒரே பதில்தான். ஸ்பீட்மாஸ்டர். இத்தனை வாட்ச் வாங்கி விற்றதில் விட்ட காசைக் கூட்டிப் பாருங்கள், ஒரு பழைய ஸ்பீட்மாஸ்டரின் பாதி வந்திருக்கும். 1965 மார்ச்சில் நாசா சோதித்துத் தேர்ந்தெடுத்த வாட்ச். இன்னும் சாவிதான், பிளாஸ்டிக் கண்ணாடிப் பதிப்பு இன்னும் கிடைக்கிறது. நீங்கள் சொன்ன ‘இயந்திரத்துக்கு ஏற்ற கேஸ்’ என்பதற்கு அதைவிட உதாரணம் எது?

நொடிமுள்

அண்ணே, இதற்குத்தான் பயந்தேன். ஸ்பீட்மாஸ்டரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 42 மிமீ என்று எழுதியிருந்தாலும் மேலிருந்து கீழே 48 மிமீக்குள்தான், என் கைக்கே உட்கார்ந்தது. ஆனால் அது 1957இல் பிறந்த கருவி. கறுப்பு டயல், மூன்று சிறு டயல், வெளிவளையத்தில் வேகம் அளக்கிற டாக்கிமீட்டர் கோடுகள். நான் தேடுவது அதற்கு ஒரு தலைமுறை முந்தைய முகம்: வெளிர் டயல், மெல்லிய வளையம், உருண்டைப் பட்டன். தவிர, புதிதாக வாங்கினால் என் வரம்புக்கு மூன்று மடங்கு.

உட்லண்ட்ஸ்_உமா

உங்கள் கணிப்போடு எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அதன் முடிவு உங்களுக்குப் பிடிக்காத இடத்தில் போய் நிற்கும்: மெக்காகுவார்ட்ஸ்.

சீக்கோ குழுமத்தின் விகே64 இயந்திரம் சுமார் 5 மிமீ தடிமன்தான். நேரம் ஓடுவது பேட்டரியில். குரோனோ பகுதி மட்டும் நெம்புகோல், சுத்தியல், இதய வடிவக் கேம் (முள்ளைத் திருப்பித் தள்ளும் தகடு) என்று நிஜமான இயந்திர அமைப்பு. பட்டனை அழுத்தினால் கிளிக் என்று உறைக்கும். பெரிய நொடி முள் நொடிக்கு ஐந்து அடி வைத்துப் போகும், சாதாரண குவார்ட்ஸ் மாதிரி நொடிக்கு ஒரு தட்டு இல்லை. ரீசெட் செய்தால் முள் சுற்றிக்கொண்டு வராது, கண் இமைப்பதற்குள் 12இல் போய் அடிக்கும். பேட்டரி மூன்று வருடம் வரும்.

ஃபர்லான் மாரி 2021இல் கிக்ஸ்டார்ட்டரில் வந்தபோது இந்த இயந்திரத்தோடுதான் வந்தது. அதே ஆண்டு ஜெனிவாவின் ஜிபிஎச்ஜி கடிகார விருது விழாவில் புதுவரவுக்கான விருதும் வாங்கியது. 38 மிமீ கேஸ், 11 மிமீக்குள் தடிமன். நீங்கள் தேடுகிற அந்த ஒல்லி உடம்பு இன்றைய விலையில் இதில்தான் வருகிறது. என்னிடம் ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் ஒருவர் “தாத்தாவுடையதா?” என்று கேட்டார். அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

சாவிக்காரன்

பேட்டரி போட்டால் அது பழைய பாணியா உமா? சாவி கொடுக்காத வாட்சைக் காலையில் கையில் எடுக்கும்போது என்ன செய்வீர்கள்?

உட்லண்ட்ஸ்_உமா

கட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுவேன் அண்ணே. உங்களை மாதிரி எனக்குக் காலையில் நேரம் இல்லை.

விகே64 பற்றி நேர்மையாக ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சிறு டயலில் ஒன்று 60 நிமிடக் கணக்கு, இன்னொன்று 24 மணி முள். அந்த 24 மணி முள் குரோனோவோடு சம்பந்தப்பட்டதே இல்லை, மணி முள்ளோடு சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். பழைய வாட்சில் அந்த இடத்தில் ஓடுகிற நொடி முள் இருக்கும். இதில் குரோனோவை ஓடவிடாவிட்டால் டயலில் எதுவுமே அசையாது. சிலருக்கு இது பெரிய குறை. நான் பழகிவிட்டேன்.

நொடிமுள்

எனக்கு அது பெரிய குறைதான் அக்கா. ஒன்பது மணி இடத்தில் சின்ன முள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது பாதி சந்தோஷம். ஆனால் தடிமன் விஷயத்தில் உங்கள் வாதத்துக்குப் பதில் இல்லை.

பழையமணி (பெண்டமியர்)

தாமதமாக வருகிறேன். எல்லாரும் பழைய பாணி, பழைய பாணி என்கிறீர்கள். பழையதையே வாங்கினால் என்ன என்று யாரும் கேட்கவில்லையே?

என்னிடம் லாண்டரான் 48 இயந்திரம் உள்ள ஒரு சின்ன குரோனோ இருக்கிறது. சுங்கை ரோடு சந்தை இருந்த காலத்தில் தரையில் விரித்த கித்தானில் கிடந்தது. விற்றவர் “மேல் பட்டன் கெட்டுப்போச்சு, ஆரம்பிக்கும், நிற்காது” என்று சொல்லி விலையைக் குறைத்தார். அது கெட்டுப்போகவே இல்லை. லாண்டரான் 48இன் அமைப்பே அப்படித்தான்: மேல் பட்டன் ஓடவைக்க மட்டும். கீழ்ப் பட்டனை ஒரு தட்டு தட்டினால் நிற்கும், இன்னொரு தட்டில் பூஜ்யத்துக்குப் போகும். நான் வாயைத் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு சந்தையை மூடிவிட்டார்கள். அப்படிப்பட்ட அதிர்ஷ்டமும் அதோடு போயிற்று.

இன்று பழையது வாங்க வேண்டும் என்றால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர், லக்கி பிளாசா, ஃபார் ஈஸ்ட் பிளாசா பக்கம் கால் கடுக்க நடக்கலாம், இல்லையென்றால் கரோசெல் (பழைய பொருள் விற்கிற செயலி). இரண்டிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சீக்கோ 6139ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் வந்த ஆட்டோமேட்டிக் குரோனோ, விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973இல் ஸ்கைலேபுக்குக் கொண்டுபோன மஞ்சள் டயல் மாடல். சந்தையில் சுற்றுகிறவற்றில் நிறைய புதிதாக அச்சடித்த டயல். பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அது அந்த டயல் வெளிவந்த காலத்தோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். டயலின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அது இல்லாமல் டயல் மட்டும் பளபளவென்று இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேஸின் விளிம்பையும் பாருங்கள். பழைய கேஸில் லக் (ஸ்ட்ராப் மாட்டுகிற கொம்பு) முனைகள் கத்தி மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். பாலிஷ் போட்டுப் போட்டு உருண்டு போயிருந்தால் உடம்பு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். திரும்ப வராது.

நொடிமுள்

ஐயா, பழையதுதான் என் கணிப்புக்குச் சரியான விடை என்று தெரியும். தயக்கம் நம் ஊர் வானிலை. ஏர்கானில் இருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியே பனி மூடிவிடுகிறது. 70 வருட ரப்பர் வளையத்தை நம்பி மழையில் நடக்க மனம் வரவில்லை. தினமும் கட்டத்தான் கேட்கிறேன்.

பழையமணி

அந்தப் பயம் நியாயம். நான் என்னுடையதை வெளியே கட்டிப்போவது அபூர்வம். வளையத்தைப் புதிதாகப் போட்டாலும் பட்டன் குழாய்கள் தேய்ந்திருக்கும், ஈரம் அந்த வழியாக ஏறும். கண்ணாடிக்கு உள்ளே ஒரு முறை ஆவி படிந்தால் டயலில் புள்ளி விழும். அது போகாது.

ஜூரோங்_ரவி

புதியவன், மன்னிக்கவும். ஒரு சந்தேகம். குரோனோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீசெட் பட்டனை அமுக்கினால் உள்ளே ஏதாவது உடையுமா? எஸ்டி19ஐ எல்லாரும் ‘தூண் சக்கரம்’ என்று புகழ்கிறார்கள், அது என்ன?

உட்லண்ட்ஸ்_உமா

ஃபிளைபேக் (ஓடும்போதே பூஜ்யமாக்கலாம்) என்று தனியாகச் சொல்லாத எந்தக் குரோனோவிலும் ஓடும்போது ரீசெட் அமுக்காதீர்கள். பெரும்பாலும் பட்டனே பூட்டிக்கொள்ளும், வலுக்கட்டாயமாக அழுத்தினால்தான் வம்பு. நிறுத்து, பிறகு பூஜ்யம். இந்த வரிசையைப் பழக்கிக்கொண்டால் போதும்.

தூண் சக்கரம் என்பது ஆரம்பி, நிறுத்து, பூஜ்யமாக்கு என்ற மூன்று கட்டளைகளையும் ஒழுங்குபடுத்துகிற சின்னச் சக்கரம். மேலே வட்டமாகத் தூண்கள் நிற்கும். நெம்புகோலின் மூக்கு தூணின் மேல் ஏறினால் ஒரு நிலை, இரண்டு தூணுக்கு நடுவே விழுந்தால் இன்னொரு நிலை. அதைச் செய்வது செலவு. 7750இல் அதற்குப் பதில் தகட்டை வெட்டிச் செய்த கேம். வேலை இரண்டும் செய்யும். பட்டனை அழுத்தும் விரலுக்குத்தான் வித்தியாசம்: தூண் சக்கரத்தில் ஆரம்பிக்கும் அழுத்தமும் நிறுத்தும் அழுத்தமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கேமில் ஆரம்பிக்கிற தட்டு கொஞ்சம் முரட்டுத்தனம்.

சாவிக்காரன்

எஸ்டி19ஐ நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீனச் சரக்கு. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் வாங்கினார், சில மாதத்தில் நிமிட முள் நின்றுவிட்டது. சரி பார்க்கக் கொண்டுபோன இடத்தில் “புதிதே வாங்கிக்கோங்க” என்றார்கள்.

நொடிமுள்

அண்ணே, இயந்திரம் பிறந்தது சுவிட்சர்லாந்தில், வளர்ந்தது தியான்ஜினில். தரம் பார்த்து அனுப்புவதில் ஏற்ற இறக்கம் உண்டு, அதை மறுக்கவில்லை. அதனால்தான் வாங்கும் இடத்தில் சோதிப்பது முக்கியம். மலிவான கடையில் வாங்குகிறவர் அந்தச் சோதனைக்கான காசையும் சேர்த்துத்தான் மிச்சம் பிடிக்கிறார். இயந்திரத்தைப் பிரித்து எண்ணெய் போட்டு ஓட்டம் சரிபார்த்த பிறகே கேஸில் போடுகிற சின்ன பிராண்டுகள் இருக்கின்றன. கூடுதல் விலை அதற்குத்தான்.

‘புதிதே வாங்கிக்கோங்க’ என்பதும் ஒரு விதத்தில் உண்மை. குரோனோவைப் பிரித்துச் சுத்தம் செய்கிற கூலி, எஸ்டி19 இயந்திரத்தின் விலையைவிட அதிகமாகிவிடும். இயந்திரத்தையே மாற்றலாம். சுவிஸ் குரோனோவில் அந்தச் சலுகை கிடையாது, சர்வீஸ் பில் வரும் நாளில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

கிளமென்டி_செந்தில்

யாரும் டயலில் உள்ள அளவுகோலைப் பற்றிப் பேசவே இல்லையே. வாங்கி என்ன அளக்கப் போகிறீர்கள்?

டாக்கிமீட்டர் நம் ஊரில் வெறும் அலங்காரம். 3,600ஐ நொடியால் வகுத்தால் வேகம். ஒரு கிலோமீட்டர் 40 நொடி என்றால் 90 கிமீ. தீவு விரைவுச்சாலையில் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் முன்னால் போகிற லாரியில்தான் முடியும். பல்சோமீட்டர் நாடித் துடிப்பு எண்ண. 15 அல்லது 30 துடிப்பு எண்ணி நிறுத்தினால் முள் காட்டுவது நிமிடத் துடிப்பு. அழகு. ஆனால் இன்றைக்கு விரலில் மாட்டுகிற கிளிப் அந்த வேலையைப் பார்க்கிறது.

சிங்கப்பூரில் உண்மையிலேயே பயன்படுகிற ஒரே அளவுகோல் டெலிமீட்டர். பீரங்கி எவ்வளவு தூரத்தில் சுடுகிறது என்று பார்க்கப் போட்டது. ஒளியைப் பார்த்ததும் ஆரம்பி, சத்தம் கேட்டதும் நிறுத்து, முள் கிலோமீட்டரைக் காட்டும். நமக்குப் பீரங்கி இல்லை, இடி இருக்கிறது, அதுவும் பஞ்சமில்லாமல். எங்கள் புளோக் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று, மேற்கே ஜூரோங் பக்கம் மின்னியதும் மேல் பட்டன், இடித்ததும் அதே பட்டன். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த மின்னலுக்கு எண் குறைந்துகொண்டே வந்தால் துணியை எடு என்று வீட்டுக்குள் குரல் கொடுப்பேன்.

ஒரு பொடிக் கணக்கு: ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டரை ஒட்டி வைத்துத்தான் இந்த அளவுகோலைப் போடுவார்கள். 30 டிகிரி வெயிலில் ஒலி கிட்டத்தட்ட 349 மீட்டர் போகும். ஆகவே நம் ஊரில் வாட்ச் சொல்வதைவிட இடி இரண்டு மூன்று சதவீதம் தள்ளியே இருக்கிறது. பட்டன் அமுக்குகிற விரலின் தாமதத்துக்கு முன்னால் இதெல்லாம் தூசு, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நொடிமுள்

செந்தில், இதுவரை டெலிமீட்டரை டயலை நிரப்புகிற கோடு என்றுதான் பார்த்தேன். இப்போது வேண்டும் போலிருக்கிறது. பட்டியலை நீட்டிவிட்டீர்கள்.

பழையமணி

வெளிநாட்டில் இருந்து வரவழைக்கப் போகிறீர்கள் என்றால் வரியையும் போட்டுப் பாருங்கள். வாட்சுக்கு இங்கே சுங்கத் தீர்வை கிடையாது. ஆனால் பொருளும் அனுப்பும் செலவும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் 9 சதவீத ஜிஎஸ்டி கட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும். 900 வெள்ளிக்கு 81. கூரியர்காரர் தன் பங்குக்கு ஒரு கட்டணம் போடுவார். 400க்குக் கீழே என்றாலும் தப்பிக்க முடியாது, 2023 ஜனவரியில் இருந்து பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர்கள் விலையோடு சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் பார்த்தால் உள்ளூரில் ஒருவர் கட்டிய வாட்சை வாங்குவதே மேல்.

நொடிமுள்

எல்லாருக்கும் நன்றி. ஒரு தகவல் சொல்ல வந்தேன்: வாங்கிவிட்டேன்.

ஐயா சொன்ன மாதிரி உள்ளூரிலேயே, கரோசெலில். பால்டிக் பைகொம்பாக்ஸ், 38 மிமீ, உள்ளே எஸ்டி19 வகையான எஸ்டி1901. டிஸோவைக் கடையில் கட்டிப் பார்த்தேன். 68 மணி நேரம் சாவி நிற்கிற இயந்திரம், விலைக்கு நல்ல வேலைப்பாடு, ஆனால் 41 மிமீ, வால்ஜூ குடும்பம், அதே தடிமன் கதை. உமா அக்காவின் ஃபர்லான் மாரிதான் கடைசி வரை போட்டியில் இருந்தது. ஒன்பது மணி இடத்தில் முள் ஓட வேண்டும் என்கிற என் பிடிவாதம் தீர்த்து வைத்தது.

விற்றவரைப் பாய லேபார் எம்ஆர்டி வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. ‘காசு கொடு, வாட்சை எடு’ என்று ஐந்து நிமிடத்தில் முடிக்கத்தான் அவர் வந்தார். நான் முன்கூட்டியே, அரை மணிக்கு மேல் ஆகும், காப்பிக்கடையில் உட்காரலாம், தே தாரே (இழுத்து ஆற்றிய டீ) என் செலவு என்று மெசேஜ் அனுப்பியிருந்தேன். சும்மா இல்லை. இதில் நிமிடக் கணக்குச் சிறு டயல் 30 நிமிடம். முழுச் சுற்றையும் கண்ணால் பார்க்காமல் எப்படி வாங்குவது?

முழுச் சாவி கொடுத்து, குரோனோவை ஓடவிட்டு மேசையில் வைத்தோம். ஆரம்பிக்கும்போது பெரிய முள் லேசாகத் துள்ளும். பக்கவாட்டில் இருந்து ஒரு பல்சக்கரம் வந்து இன்னொன்றோடு கோத்துக்கொள்கிற அமைப்பு என்பதால் பல் பல்லைத் தேடுகிற துள்ளல் அது, குறையில்லை. ஒரு கோட்டுக்கு மேல் துள்ளினால் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு முறை பெரிய முள் 12ஐத் தாண்டும்போதும் நிமிட முள் ஒரு கோடு தாவுகிறதா, பாதியில் நிற்கிறதா என்று பார்த்தேன். 31ஆவது நிமிடம் மறுபடி முதல் கோட்டுக்கு வந்தது. நிறுத்தினேன், பூஜ்யம் அடித்தேன். இரண்டு முள்ளும் நேராக 12இல் நின்றன. இதைப் பல முறை செய்தேன். அப்புறம் கைபேசிச் செயலியை வைத்து டிக் டிக்கைக் கேட்டோம்: மணிக்கு 21,600 துடிப்பு, குரோனோ ஓடும்போதும் நிற்கும்போதும் ஓட்டத்தில் பெரிய மாற்றம் இல்லை. விற்றவருக்கு முதலில் சலிப்பு, பிறகு அவரே குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். பின்மூடி கண்ணாடி வழியாகத் தூண் சக்கரம் திரும்புவதை இத்தனை நாள் கவனித்ததே இல்லையாம்!

தடிமன் என்று கேட்பீர்கள். கண்ணாடிக் குமிழோடு சேர்த்து 13 மிமீ. எண்ணாகப் பார்த்தால் 7750காரர்களுக்கு ரொம்பக் கீழே இல்லை. ஆனால் அந்தப் 13இல் நல்ல பங்கு குமிழ்க் கண்ணாடிக்குப் போகிறது, உலோகச் சுவர் ஒல்லி. சட்டைக் கை கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. நான் விற்ற சுவிஸ் வாட்சில் அந்த இடத்தில் செங்குத்தான உலோகச் சுவர், துணி அதில்தான் மாட்டும். ஆகவே பட்டியலில் எழுதியிருக்கிற மொத்தத் தடிமன் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பக்கவாட்டுப் படம் கேளுங்கள்.

சாவிக்காரன்

சரி, வாழ்த்துகள். 42 மிமீ சீகலில் இருந்ததும் இதே இயந்திரம்தானே? அதை விற்று இதை வாங்கியதில் என்ன லாபம் என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நொடிமுள்

கேட்டார்கள். இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “இதுல கண்ணு சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். 700 வெள்ளிக்குள் முடிந்ததும் ஒரு காரணம்.

உட்லண்ட்ஸ்_உமா

தோற்றதில் வருத்தமில்லை. தோலா, துணியா, என்ன ஸ்ட்ராப்?

நொடிமுள்

கூட வந்தது பழுப்புத் தோல். அழகுதான், ஆனால் இந்த வெக்கையில் தினமும் தோல் கட்டினால் சில மாதத்தில் வாசம் வந்துவிடும். பகலில் துளைகள் உள்ள துணி ஸ்ட்ராப், சாயங்காலம் எங்காவது போனால் தோல். இரவில் கேமரா வைக்கிற டிரை கேபினெட்டில் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பழையமணி

வாட்சை மட்டும் வையுங்கள், தோலைக் கழற்றிவிடுங்கள். 40 சதவீத ஈரப்பதத்தில் நாள் கணக்காகக் கிடந்தால் தோல் வறண்டு வெடிக்கும். தினமும் கட்டுகிற வாட்சுக்கு கேபினெட்டே தேவையில்லை, வியர்வையைத் துடைத்துக் காற்றாட வைத்தால் போதும். பட்டனைத் தண்ணீருக்குள் அமுக்காதீர்கள். அது மட்டும் கண்டிப்பு.

ஜூரோங்_ரவி

படித்ததில் எனக்கும் ஆசை வந்துவிட்டது. வாங்குவதற்கு முன்னால் 38 மிமீ என் கைக்கு எப்படி இருக்கும் என்று கட்டிப் பார்க்க வழி உண்டா? கடைகளில் இந்தச் சின்ன பிராண்டுகள் கிடைக்கவில்லை. என் மணிக்கட்டு 18 செமீ.

நொடிமுள்

சனிக்கிழமை மாலை தேக்கா பக்கம் வருவேன், வந்தால் கட்டிப் பாருங்கள். 18 செமீக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் லக் முனைக்கு முனை நீளம் 47 மிமீ இருப்பதால் விட்டத்தை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம்.

உட்லண்ட்ஸ்_உமா

நானும் வருகிறேன், என்னுடையதையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பழையமணி

ஐந்து மணிக்கு மேல் என்றால் லாண்டரானை எடுத்துவருகிறேன். மேல் பட்டன் நிற்காது, யாரும் புகார் சொல்லக் கூடாது.